கல்லும் சொல்லும்

பழந்தமிழ்ப் புலவர் ஆற்றுப்படை என்றொரு நூல்வகை கண்டனர். பரிசில் பெற்று மீளும் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொருவனுக்குத் தான் சென்றுவந்த வழியையும், வழியிடை உள்ள ஊர்களையும், சென்றடைய வேண்டிய வள்ளலின் இயல்பையும் எடுத்துக் கூறி, அவனையும் அவ்வழியிற் செலுத்துவது அதன் இலக்கணம். முப்பது ஆண்டுகளாக இவ்விலக்கணத்தை வகுப்பிற் சொல்லிவந்த நான், வழிகாட்டி ஒருவரின் பின்னே நடந்து செல்லும் அனுபவத்தைச் சென்ற ஆவணியிலேதான் பெற்றேன். சென்ற நாடு இங்கிலாந்து. கண்டவை, அந்நாட்டின் வடபுலத்திலே நடுக்காலத்தில் எழுந்த துறவியர் மடங்களும் பேராலயங்களும். பெற்ற பரிசில் யாதென்பதை முடிவிற் கூறுவேன்.

இலண்டனில் வாழும் என் மகளே இப்பயணத்தை ஒழுங்கு செய்தவள். "அப்பா, ஐம்பது பேரோடை பெரிய பஸ்ஸிலை போனால் கடைத்தெருவைத்தான் பார்ப்பியள், எட்டுப் பேரோடை போங்கோ" என்றாள். அவள் சொல் மெய்யாயிற்று. ஒரு சிறு வானில் நாம் எண்மர்; எம்மை நடத்திச் சென்றவர், வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற ஓர் அம்மையார். எம்மோடு வந்தோருள் இருவரை இங்கே குறிப்பிடல் வேண்டும். ஒருவர், வாழ்நாளெல்லாம் கல்வேலை செய்து ஓய்ந்த முதியவர். மற்றையவன், கட்டடக்கலை பயிலும் இளைஞன்; எதனையும் கேட்டறிய வேண்டும் என்னும் வேட்கையுடையவன்.

அம்மையாரின் முறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எந்த இடத்திலும் வாயிலிலேயே நின்று அவர் சொற்பொழிவாற்றினாரல்லர். "முதற் பத்து நிமிடம் எவரும் பேச வேண்டாம், நடந்து பாருங்கள், கேள்வியோடு திரும்பி வாருங்கள்" என்பார். விடையை முந்திச் சொல்லிக் கேள்வியைக் கொன்றுவிடும் பழக்கம் ஆசிரியராகிய எமக்கு உண்டு. அந்தக் குற்றத்தை நான் முதல் நாளிலேயே உணர்ந்தேன்.

முதலிற் கண்டது யோர்க் நகரத்துப் பேராலயம். மேற்றிராணியாரின் ஆசனம் அமைந்த கோயிலே பேராலயம் எனப்படும். இப்போதுள்ள கட்டடம் 1220 ஆம் ஆண்டளவில் தொடங்கப்பெற்று, 1472 இல் நிறைவெய்தி அர்ப்பணிக்கப்பட்டது. அடிக்கல் நாட்டிய கைகளின் பேரப்பிள்ளைகளுக்குப் பேரப்பிள்ளைகள்கூட அதன் முடிவைக் கண்டிருக்கமாட்டார்கள். அதன் கீழைச் சாளரத்தை 1405 முதல் 1408 வரை மூன்றாண்டுகளில் வண்ணக் கண்ணாடியால் அமைத்தவர் கொவென்றி நகரத்து யோன் தோண்டன் என்பவர். அதற்கு அவர் பெற்ற ஊதியம் 56 பவுண். உலகத் தோற்றத்தையும் உலக முடிவையும் காட்டும் 311 கண்ணாடிப் படங்கள் அதில் உள்ளன. அவற்றைக் கழற்றித் துலக்கி மீண்டும் பொருத்தும் பணி, பத்தாண்டு நடந்து, 2018 இல் முடிவுற்றது. அமைக்க மூன்றாண்டு, காக்கப் பத்தாண்டு!

ஆயினும் எம்மை நெடுநேரம் நிறுத்தியது வடபுறத்துச் சாளரமே. அதனை 'ஐந்து சகோதரிகள்' என்பர். ஐம்பதடிக்கு மேல் உயர்ந்த ஐந்து ஒடுங்கிய சாளரங்கள் அருகருகே நிற்கின்றன. 1260 ஆம் ஆண்டளவைச் சேர்ந்த அவற்றில் ஓவியம் இல்லை. சாம்பல் நிறக் கண்ணாடித் துண்டுகள் ஓரிலக்கத்துக்கு மேல், கோலமிட்டாற்போல இணைந்துள்ளன. ஒவ்வொரு துண்டையும் மற்றதனோடு பிணைப்பது மெல்லிய ஈயப் பட்டி. "இந்த ஈயத்தை நினைவில் வைத்திருங்கள்; நாளை மறுநாள் இதைப்பற்றிக் கேட்பேன்" என்று மட்டும் கூறி அம்மையார் எம்மை அழைத்துச் சென்றார்.

மறுநாட் சென்றது பவுண்டன்ஸ் மடம். 1132 ஆம் ஆண்டின் இறுதியில், யோர்க் நகரத்து மடமொன்றின் சுகவாழ்வு துறவுக்கு ஒவ்வாதெனக் கண்ட துறவியர் பதின்மூவர் அங்கிருந்து வெளியேறி, ஸ்கெல் என்னும் சிற்றாற்றின் பள்ளத்தாக்கிலே குடியேறினர். அப்போது அது முட்புதர் நிறைந்த காடு. பின்னர் அவர்கள் சிஸ்தேர்சியர் என்னும் சபையைச் சார்ந்தனர். சாயந்தோயாத ஆட்டு மயிர் ஆடை, புலாலில்லா உணவு, பேச்சுக் குறைத்துக் கைச்சைகையால் உணர்த்தும் மௌனம், நள்ளிரவிற் படுக்கை விட்டெழுந்து கோயிலிற் பாடும் வழிபாடு ஆகியவை அவர்தம் ஒழுக்கம். குளிர்காயத் தீ மூட்டிய அறை, சமையற்கட்டும் நோயாளர் மனையும் நீங்கலாக, மடம் முழுவதிலும் ஒன்றே.

எளிமையை நாடி வந்தவர்களைச் செல்வம் பின்தொடர்ந்து வந்தது. எழுத்தறியாத் தொழிற்சகோதரர் பலர் மடத்தைச் சேர்ந்து, ஆடு மேய்த்தும் நிலந்திருத்தியும் உழைத்தனர். ஆட்டு மயிர் இத்தாலிய வணிகருக்கு விலையாயிற்று. பின்னாளில் இனிவரும் ஆண்டுகளின் மயிரையும் முற்கூட்டியே விற்றுக் கடன்பட்டனர் என்பதும் வரலாறு. அத்தொழிற்சகோதரரின் இருப்பிடத்துக் கீழ்த்தளம் இன்றும் முழுதாக நிற்கின்றது. ஏறத்தாழ 300 அடி நீளம். நடுவே ஒரே வரிசையாகத் தூண்கள். ஒவ்வொரு தூணிலிருந்தும் விலாவெலும்பு போற் கற்கள் கிளைத்தெழுந்து மேலே வளைந்து கூடுகின்றன. தென்னந்தோப்பினுள் நின்று அண்ணாந்து பார்த்தாற்போன்ற காட்சி. கல்வேலைக்கார முதியவர் சுவரைத் தடவிப் பார்த்து, ஒரு கல்லில் உளியாற் கீறிய சிறு குறியொன்றை எமக்குக் காட்டினார். கூலி கணக்கிடுவதற்காகத் தச்சன் தான் செதுக்கிய கல்லில் இட்ட அடையாளம் அது. பெயரில்லாத ஒருவனின் கையெழுத்து!

அக்கீழ்த்தளத்தை விட்டு வெளிவந்து கோயிலுள் நுழைந்தால், மேலே வானந்தான் கூரை. 1536 முதல் 1540 வரை எட்டாம் ஹென்றி மன்னன் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருந்த ஏறத்தாழ 800 மடங்களைக் கலைத்தான். பவுண்டன்ஸ் மடம் 1539 இல் ஒப்படைக்கப்பட்டது. மறு ஆண்டில் இலண்டன் வணிகர் ஒருவருக்கு அது விற்கப்பட்டது. மடத்தை இடித்தோர் முதலிற் கைவைத்தது சுவரிலன்று, கூரையிலேயாம். கூரை வேய்ந்திருந்த ஈயத் தகடு பெறுமதி மிக்கது. அதனை உரித்தெடுத்து உருக்கினால் மன்னனுக்குப் பணம். எஞ்சிய வேலையை மழை பார்த்துக்கொள்ளும். சுவர்க்கற்களிற் பல, சில பத்தாண்டுகளின் பின் அருகே எழுந்த ஒரு மாளிகைக்குச் சென்றன.

புல் முளைத்த அக்கோயிற்றளத்தில் நிற்கும்போது இளைஞன் என்னைப் பார்த்து, "ஐயா, நீங்கள் பழைய நூல்களைக் கற்பிப்பவர் என்றீர்கள். நானூறு ஆண்டு உழைப்பை ஒரு மன்னனின் ஆணை நான்கு ஆண்டில் முடித்துவிட்டது. அப்படியானால் இவர்கள் வாழ்ந்ததன் பயன் என்ன?" என்று கேட்டான். சற்று நேரங்கழித்து, "உங்களிடம் இப்போது எத்தனை பேர் படிக்கின்றார்கள்?" என்றும் கேட்டான். "பழைய இலக்கணத்தை முறையாகக் கற்பவர் இவ்வாண்டு நால்வர்" என்றேன். இரண்டாங் கேள்விக்கு விடை கூறிய எனக்கு முதற் கேள்விக்கு விடை தோன்றவில்லை. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 ஆம் ஆண்டில் எரிக்கப்பட்டபோது நான் பன்னிரண்டு வயதுச் சிறுவன்; தந்தையாரின் கையைப் பற்றிக்கொண்டு அதன் கரிந்த சுவர்களைப் பார்த்தவன். அவ்விளைஞன் கேட்டது எனக்குப் புதிய கேள்வியன்று. அதனாலேயே எளிதில் விடை கூற நாவெழவில்லை.

அடுத்த நாள் றீவோ மடம் சென்றோம். இதுவும் 1132 இல் தோன்றியது. இதுவும் கூரையிழந்து நிற்பது. பள்ளத்தாக்கு ஒடுங்கியதாகையால், கிழக்கு மேற்காக அமையவேண்டிய கோயில் இங்கே ஏறக்குறைய வடக்குத் தெற்காக அமைந்துள்ளது. கொள்கையை நிலத்துக்கு ஏற்பத் திருப்பிக்கொண்ட அறிவு அது. 1147 முதல் 1167 வரை இங்கு மடாதிபதியாக விளங்கிய எல்றெட், நட்பைப் பொருளாகக் கொண்டு இலத்தீனில் ஒரு நூல் செய்தார். அந்நூல் இன்றும் கற்கப்படுகின்றது.

அங்கேதான் அம்மையார் ஈயத்தின் கதையை அவிழ்த்தார். இம்மடத்துக் கூரையிலிருந்து உரித்த ஈயத்தை உருக்கிக் கட்டிகளாக்கி, மன்னனின் முத்திரையும் பொறித்தனர். ஆனால் அக்கட்டிகளிற் சில மடத்தைவிட்டு வெளியேறவில்லை. மேலைச் சுவர் வீழ்ந்து அவற்றை மூடிவிட்டது. ஏறத்தாழ 400 ஆண்டுகளின் பின், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இடிபாட்டைத் துப்புரவு செய்தோர் அவற்றைக் கண்டெடுத்தனர். அக்காலத்தில் யோர்க் பேராலயத்து ஐந்து சகோதரிகளின் கண்ணாடியைப் புதுப்பித்துப் பொருத்த ஈயம் வேண்டியிருந்தது. றீவோவின் ஈயம் அதற்குப் பயன்பட்டது. முதலாம் உலகப் போரில் உயிர்நீத்த பெண்களின் நினைவாக அச்சாளரம் 1925 இல் மீண்டும் அர்ப்பணிக்கப்பட்டது. ஒரு கோயிலைக் கொல்ல உரிக்கப்பட்ட பொருளே மற்றொரு கோயிலின் ஒளியைத் தாங்கி நிற்கின்றது! எண்மரும் சிறிது நேரம் வாய்பேசாது நின்றோம்.

நான்காம் நாள் டேர்ஹாம். ஆறு மூன்று பக்கமும் வளைந்தோட, பாறை முடியில் எழுந்து நிற்கின்றது அப்பேராலயம். 1093 இல் தொடங்கி 1133 அளவில் பெரும்பகுதியும் முடிந்தது, நாற்பதே ஆண்டு. பெரிய தூண்கள் பலவற்றில் சாய்சதுரமும் நெளிகோடும் ஆழமாக வெட்டப்பட்டுள்ளன. இங்குள்ள கல் மேற்கூரையே கட்டடக்கலை வரலாற்றில் இதன் பெருமைக்குக் காரணம். குடையின் கம்பிகள் துணியைத் தாங்குவதுபோல, குறுக்கே செல்லும் கல் விலாக்கள் கூரையின் பாரத்தை ஏந்திக் குறித்த இடங்களில் இறக்குகின்றன. இவ்வளவு பெரிய கட்டடத்தில் இம்முறையைக் கையாண்டமை ஐரோப்பாவிலேயே மிக முந்திய முயற்சிகளுள் ஒன்று. வட வாயிற் கதவில் ஒரு கோர முகம் வளையத்தைக் கவ்வியபடி உள்ளது. குற்றஞ்செய்தவன் அவ்வளையத்தைத் தட்டினால் 37 நாள் தஞ்சம் பெறலாம் என்பது அக்கால வழக்கு. கதவில் இப்போதிருப்பது படியே. மூலம் காட்சிச்சாலையில் உள்ளது.

தளத்தின் மேலைப் பகுதியில் கருங்கல் வரியொன்று குறுக்கே ஓடுகின்றது. துறவியர் காலத்தில் பெண்கள் அதனைக் கடந்து உள்ளே செல்லல் ஆகாது. எம் வழிகாட்டி அவ்வரியின்மேல் நின்று அதன் வரலாற்றைச் சொல்லி முடித்து, ஒன்றும் பேசாமல் அதனைத் தாண்டி நடந்தார். நாம் பின்தொடர்ந்தோம். பழமையைப் போற்றுதல் என்பது அதன் எல்லா வரிகளையும் போற்றுதல் அன்று.

டேர்ஹாமிலும் மடம் இருந்தது. அதுவும் 1539 இல் ஒடுக்கப்பட்டது. ஆனால் 1541 இல் அது பேராலயமாகத் திரும்ப நிறுவப்பட்டது. மடத்தின் கடைசித் தலைவரே பேராலயத்தின் முதல் தலைவருமானார். வேலை நின்றுபோகவில்லை, ஆகவே கூரையும் போகவில்லை. மாலையில் வழிபாட்டு மணி ஒலித்தது. சைவனாகிய நான் உட்புகலாமோ என ஐயுற்று நின்றேன். "கேட்பதற்கு எவருக்கும் தடையில்லை" என்றார் அம்மையார். விடுமுறைக் காலமாதலின் வேற்றூர்ப் பாடகர் குழுவினரே சங்கீதங்களைப் பாடினர். இரண்டு அணியாகப் பிரிந்து, ஓரடியை ஓரணியும் மறுவடியை மறுவணியுமாக அவர்கள் பாடியபோது, திருமுறை முற்றோதலிற் கேட்ட ஒழுங்கு என் செவியில் வந்து நின்றது. பவுண்டன்ஸில் நான் கண்டது உடல். உயிரை இங்கே கேட்டேன்.

அப்பேராலயத்தின் மேலைக்கோடியில் பீட் என்னும் பேரறிஞரின் கல்லறை உள்ளது. ஆங்கிலேயரின் திருச்சபை வரலாற்றை 731 இல் எழுதி முடித்தவர் அவர். சிறுவயது முதல் மடத்திலேயே வாழ்ந்து, கற்றலும் கற்பித்தலுமே தொழிலாகக் கொண்டவர். 735 இல் நோயுற்றுக் கிடந்த இறுதி நாட்களிலும் யோவான் சுவிசேஷத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார் என அவர் மாணாக்கர் ஒருவர் எழுதிய கடிதம் கூறுகின்றது. அம்மொழிபெயர்ப்பு இன்று இல்லை. அக்கல்லறையருகே நிற்கையில் இளைஞனின் கேள்வி மீண்டும் என் நெஞ்சில் உறுத்தியது.

விடை கிடைத்தது கடைசி நாளில், லிண்டிஸ்பாண் தீவிலே. நாளுக்கு இருமுறை கடல் பெருகி வழியை மூடும். வற்றும் நேரத்தை அட்டவணை பார்த்தே செல்ல வேண்டும். 635 இல் எய்டன் என்னும் துறவி அங்கு மடம் நிறுவினார். புனித கத்பேட் அங்கே மேற்றிராணியாராயிருந்து 687 இல் மறைந்தார். 793 இல் வடகடற் கொள்ளையர் மடத்தைச் சூறையாடினர். 875 இல் துறவியர் கத்பேட்டின் உடலைச் சுமந்துகொண்டு தீவைவிட்டு அகன்றனர். அலைந்து திரிந்து, செஸ்ரர்-லி-ஸ்றீற் என்னும் ஊரில் நூறாண்டுக்கு மேல் தங்கி, 995 இல் டேர்ஹாமை அடைந்தனர். தீவில் இன்று காணப்படும் செந்நிற இடிபாடு, பன்னிரண்டாம் நூற்றாண்டில் டேர்ஹாம் துறவியர் திரும்பிவந்து கட்டியது. கோபுரம் முழுவதும் விழுந்தபின்னும் அதன் ஒற்றைக் கல்விலா மட்டும் வானவில்லைப்போல் வளைந்து நிற்கின்றது.

அதன் நிழலில் எம்மை இருத்தி, அம்மையார் தம் பையிலிருந்து அச்சிட்ட படிவமொன்றை எடுத்தார். அது லிண்டிஸ்பாண் சுவிசேஷ நூலின் ஒரு பக்கம். 700 ஆம் ஆண்டையடுத்து இத்தீவிலே கன்றின் தோலில் எழுதப்பட்ட இலத்தீன் நூல் அது. பின்னிப் பிணைந்த பறவையும் விலங்கும் கொடியுமாக அதன் முகப்பெழுத்துக்கள் உலகப் புகழ் பெற்றவை. எல்லோரும் அவற்றை வியந்தனர். என் கண்ணோ, பெரிய எழுத்து வரிகளுக்கு இடையே நுணுக்கி எழுதிய மற்றோர் எழுத்தில் நிலைகுத்தி நின்றது. "இஃது என்ன?" என்றேன். "ஓர் ஆசிரியருக்குக் காட்டவே கொண்டுவந்தேன்" என்று சிரித்தார் அவர்.

நூல் எழுதப்பட்டு ஏறத்தாழ 250 ஆண்டுகளின் பின், துறவியர் செஸ்ரர்-லி-ஸ்றீற்றில் தங்கியிருந்த காலத்தில், அல்ட்றெட் என்னும் குருவானவர் ஒவ்வோர் இலத்தீன் சொல்லின் மேலும் அதற்குரிய ஆங்கிலச் சொல்லை எழுதினார். அஃதாவது, பதவுரை! ஒரு சொல்லுக்கு இரு பொருள் தோன்றிய இடத்தில் ஒன்றை மறைக்காமல் இரண்டையும் எழுதி, 'அல்லது' என்பதற்கு ஒரு குறியும் இட்டார். சுவிசேஷங்களின் ஆங்கில மொழிபெயர்ப்புக்களுள் இன்று எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது அவ்வுரையே. அக்கால வடபுல ஆங்கிலத்தை அறிய விழையும் மொழிநூலார் முதன்மையாக நாடுவதும் அதனையே. நூலின் இறுதியில் அவர் ஒரு குறிப்பும் வரைந்தார். எழுதியவர் ஈட்பிறித், கட்டமைத்தவர் எதெல்வோல்ட், பொன்னும் மணியும் பதித்தவர் பில்பிறித், உரை வரைந்தவர் அல்ட்றெட் என நால்வரையும் அது கூறுகின்றது. தம்மை மட்டும் தகுதியற்ற எளிய குரு எனத் தாழ்த்தி எழுதுகின்றார். எம் நூலாசிரியர் அவையடக்கம் பாடுவதை அறிந்த எனக்கு, அவர் உறவினர் போலத் தோன்றினார்.

எண்ணிப் பாருங்கள். நூல் பிறந்த மடம் அழிந்தது. பொன்னும் மணியும் பதித்த கட்டமைப்பு மறைந்தது. நூலோ பலர் கைமாறி, கொற்றன் என்பாரின் நூற்றொகுதியை அடைந்து, அத்தொகுதி 1731 இல் தீப்பற்றியபோதும் தப்பி, இன்று இலண்டனில் பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றது. எழுதியவரின் பெயரை உலகம் அறிவது உரைகாரன் ஒருவன் சொன்னதனாலேதான்.

நான் வாழ்நாளில் நூல் ஒன்றும் இயற்றினேனல்லேன்; பழைய செய்யுட்களுக்கு மாணாக்கர் விளங்கப் பொருளெழுதியதே என் தொழில். அதனைச் சிறுதொழில் என்று எண்ணி உள்ளூர வருந்திய நாட்களும் உண்டு. இளைஞனை அழைத்து அப்பக்கத்தைக் காட்டினேன். "தம்பி, பவுண்டன்ஸில் நீ கேட்டதற்கு முழு விடை என்னிடம் இல்லை. அழிந்தவை அழிந்தவையே; பீட் செய்த மொழிபெயர்ப்புத் திரும்பி வராது. ஆனால் கற்பவன் ஒருவன் இருந்த இடத்தில் ஏதோ ஒன்று எஞ்சியிருக்கின்றது. அல்ட்றெட் இதை எழுதியபோது எத்தனை பேர் வாசிப்பார்கள் என்று எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்" என்றேன். அவன் படிவத்தை வாங்கி, அந்நுண்ணெழுத்தை நெடுநேரம் பார்த்திருந்தான். கடல் ஏறும் நேரம் நெருங்கிற்று, வானுக்குத் திரும்பினோம்.

இவ்வழியிற் செல்ல விழையும் அன்பர்களுக்கு ஆற்றுப்படையாகச் சில கூறுவேன். கூட்டம் சிறிதாயிருத்தல் நன்று. உழைத்த காலணி நன்று. கோடையிலும் மழைக்குப்பாயம் வேண்டும். இடிந்த மடத்தை முன்னரும் உயிருள்ள பேராலயத்தைப் பின்னரும் காணுங்கள்; ஒன்றில்லாமல் மற்றது விளங்காது.

ஊர் திரும்பி முதல் நாள் வகுப்புக்குச் சென்றேன். நால்வரும் இருந்தனர். ஒரு மாணவியின் பாடநூலில் செய்யுள் வரிகளுக்கிடையே பென்சிலால் நுணுக்கிப் பொருள் எழுதியிருந்தாள். நூலை அழுக்காக்குவதென்று இதனைப் பல்லாண்டு கடிந்து வந்தவன் நான். அவள் அச்சத்தோடு அழிறப்பரை எடுத்தாள். "அழிக்க வேண்டாம், பிள்ளை. இந்தச் சொல்லுக்கு இன்னுமொரு பொருள் உண்டு, 'அல்லது' என்று போட்டு அதையும் எழுது" என்றேன்.